மலைத்தல யாத்திரையும் மழைக்காட்டின் அறமும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் முறைப்படி வழிபடுதல் ஆன்மாக்கள் ஈடேறுதற்கு ஏதுவாம் என்பது சைவநன்மக்கள் யாவரும் அறிந்ததே. இவற்றுள் மூர்த்திக்கு இயற்றத்தக்க வழிபாட்டைப்பற்றி நம்மவர் பலர் பேசியும் எழுதியும் வருகின்றனர். தீர்த்தமாடும் விதியையும் பலர் அறிவர். தலத்துக்கு நாம் செய்யவேண்டிய கடன் யாது என்பதோ பெரும்பாலும் எண்ணப்படாமல் நிற்கின்றது. தலம் என்றவுடன் மதிலுங் கோபுரமுஞ் சூழ்ந்த இடத்தையே கருதுகின்றோம். மலையும் காடும் சுனையுமே தலமாய் அமைந்தவிடத்து, அம்மலைக்கும் காட்டுக்கும் சுனைக்கும் யாத்திரிகன் கடமைப்பட்டவன் ஆவனோ? அவற்றுக்கு ஊறு விளைத்துப் பெறுந் தரிசனம் புண்ணியமாகுமோ? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்து. மாணாக்கரை யாத்திரைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு இது ஏட்டாராய்ச்சி மாத்திரம் அன்று. அவர்கள் எண்ணித் துணிந்து விடைகூற வேண்டியதொரு வினாவாகும்.

பொதுப்படப் பேசினாற் பொருள் தெளிவாகாது. ஆதலின் ஒரு தலத்தை எடுத்துக்கொண்டு நோக்குவாம். பாரத தேசத்தின் மேல்கரையை ஒட்டி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்குஞ் சையமலைத் தொடரில், மகாராட்டிர மாநிலத்துப் புனே மாவட்டத்தில், பீமசங்கரம் என்னுந் திருத்தலம் உளது. பன்னிரு சோதிலிங்கத் தலங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகின்றது. கடன்மட்டத்துக்கு 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், அடர்ந்த காட்டின் நடுவே ஒரு பள்ளத்தில் அமைந்தது. மலைக்கோயில்களுக்குப் படியேறிச் செல்லுதலே வழக்கம். இங்கோ மலைமேல் வந்தபின் இருநூற்றுக்கு மேற்பட்ட படிகள் கீழிறங்கியே சந்நிதியை அடைதல் வேண்டும். இலங்கை வேந்தன் தம்பியாகிய கும்பகருணனுக்குக் கற்கடி என்பாளிடத்துப் பிறந்த வீமன் என்னும் அசுரன், சிவலிங்க வழிபாடு செய்த அரசனைச் சிறையிட்டு வருத்தியபோது, பெருமான் அவ்விலிங்கத்தினின்றும் வெளிப்பட்டு அவனை நீறாக்கியருளினார் என்று சிவமகாபுராணங் கூறும். அது நிகழ்ந்தவிடம் காமரூபமாகிய அசாம் தேசம் என்று கொள்வாரும் உளர். சையமலையில் வழங்கும் தலவரலாறோ, திரிபுரதகனத்தின்பின் இளைப்பாறிய பெருமானது திருமேனி வியர்வையே வீமநதியாய்ப் பெருகிற்று என்று சொல்லும். அந்நதி இம்மலையிலேதான் உற்பத்தியாகின்றது.

இத்தலத்தின் இயல்பை அறியவேண்டின் அதன் மழையை அறிதல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று நம் யாழ்ப்பாணத்திற் சோளகமாய் வறண்டு வீசும். சையமலைக்கோ அதுவே உயிர். அரபிக்கடலின் நீராவியைச் சுமந்துவரும் அக்காற்று மலைச்சுவரில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து மழையாகின்றது. ஆனி தொடக்கம் புரட்டாதி வரையுள்ள காலத்திலேயே ஆண்டின் மழை அனேகமாக முற்றும் பெய்துவிடும். அதன் அளவு ஏறக்குறைய 3,000 மில்லிமீற்றர். கிழக்கே மலையைக் கடந்து செல்லச்செல்ல மழை குறைந்து, வீமநதி பாயும் சோலாப்பூர்ப் பக்கத்தில் அதன் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடும். இப்பெருமழையைத் தாங்குவது காடு. மரங்களின் கவிகை மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றது. உதிர்ந்த சருகு பஞ்சுபோல நீரை உறிஞ்சுகின்றது. வேர் மண்ணைப் பிணித்து நிற்கின்றது. நான்கு மாதத்திற் பெய்த நீரை ஏனைய மாதங்களுக்கும் பகிர்ந்து, சிறிது சிறிதாக ஊற்றுக்களிலே விடுவது இவ்வனமே. வீமநதி பெருமானது வியர்வை என்பது தலபுராணம். அது காட்டின் சுரப்பு என்பது பூகோள நூல். இவை ஒன்றையொன்று மறுப்பனவல்ல. காட்டை அழித்தவன் இரண்டையும் ஒருங்கே பொய்யாக்குகின்றான்.

மழை ஓயத்தொடங்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களே அக்காடு நிறைவெய்தியிருக்குங் காலம். பாறைதோறும் அருவி இழியும். புல்வெளிகளில் மஞ்சட்பூக்கள் விரியும். நம் நூல்கள் போற்றுங் குறிஞ்சிக்கு இனமாய், ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்துக் காய்த்து மடியும் கார்வி என்னுஞ் செடியும் அம்மலைச்சாரலில் உண்டு. உழுத்த மரங்களிற் படர்ந்து இருளில் மெல்லென ஒளிரும் ஒருவகைப் பூஞ்சணமும் அக்காலத்திலே காணப்படும். மலையணில் அக்காட்டுக்கு உரிய உயிர்களுள் முதன்மையானது. மகாராட்டிரத்தார் அதனைச் சேக்ரு என்பர். அதுவே அம்மாநிலத்தின் விலங்காகக் கொள்ளப்பட்டது. அது நிலத்தில் இறங்குவது அரிது. மரக்கவிகையிற் கூடுகட்டி, கிளையினின்றும் கிளைக்குப் பாய்ந்தே வாழ்நாளைக் கழிப்பது. ஆதலின் ஒரு பாதையை அகலித்து இருபுறத்துக் கிளைகளும் ஒன்றையொன்று தொடாதவாறு செய்துவிடின், அவ்வகலம் நமக்கு நாலெட்டு. அதற்கோ கடக்கலாகாத ஆறு. இவ்வுயிரையும் இதன் காட்டையும் காக்கும்பொருட்டே ஏறக்குறைய 130 சதுரக் கிலோமீற்றர் நிலத்தை அரசினர் 1980களிற் சரணாலயமாக வகுத்தனர்.

அக்காலத்திலேதான் மக்கள் திரளும் மிகுகின்றது. மகாராட்டிரத்தார்க்குச் சிராவண மாதம் சிவவழிபாட்டுக்கு மிகச் சிறந்தது. அது ஆடியமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஆவணி அமாவாசையில் முடிவது. அம்மாதத்துத் திங்கட்கிழமைகளிற் பெருங்கூட்டங் கூடும். புனே, மும்பை முதலிய பெருநகரங்கள் அணித்தாய் இருத்தலின், அருவியையும் பசுமையையும் மேகத்தையும் காணும்பொருட்டு வருவோரும் பலர். மழையிலூறிய மலைமண்ணோ அப்போதுதான் மிக மெல்லியதாய் இருக்கும். சேற்றுக்கு அஞ்சி ஒருவர் பாதையின் ஓரத்தை மிதிப்பார். அடுத்தவர் அதற்கப்பால் மிதிப்பார். ஒற்றையடிப்பாதை சின்னாளில் அகன்ற சேற்று நிலமாகிவிடும். மிதிபட்டு இறுகிய மண்ணில் நீர் உட்புகாது. மேலோடி மண்ணை அரித்துக்கொண்டு போகும். எறியப்பட்ட பொலித்தீன் உறைகள் மழைநீரோடு உருண்டு ஓடையிற் சேரும். இவற்றையெல்லாஞ் செய்பவர் கொடியவர் அல்லர்; நம்மையொத்த நல்லவர்களே. அதுவே இங்கு நாம் அஞ்சத்தக்கது.

காட்சியை விரும்பி வருவோர் குற்றமுடையர், தரிசனத்தை விரும்பி வருவோர் குற்றமிலர் என்று பிரித்துவிடுதல் எளிது. உண்மை அவ்வாறன்று. கால் எதன்பொருட்டு மிதித்தது என்பதை மண் அறியாது. அழகைக் கண்டு மகிழ்தலும் தன்னளவிற் குற்றமாகாது. நம் சமயகுரவர் தலந்தோறும் சென்று பாடியருளியவற்றிற் சோலையும் வண்டும் மந்தியும் அருவியும் நிறைந்திருத்தலை அறியாதார் யார்? ஆயினும் இருவர்க்குந் தம்முள் ஒரு வேறுபாடு உண்டு. காட்சிக்கு வந்தவன் அவ்விடத்தை ஒரு பொருளென்று கருதி வருகின்றான். தரிசனத்துக்கு வந்தவனோ சிவபெருமானது உறைவிடமென்று அறிந்தே வருகின்றான். அறியாதான் செய்த பிழையினும் அறிந்தான் செய்த பிழை பெரிது. ஆகவே கடமை அடியவனிடத்திலேதான் மிகுதியாய்த் தங்குகின்றது.

இனி, நதியின் வழியைச் சிறிது பின்பற்றுவாம். பீமசங்கரத்தில் ஊறிய வீமநதி தென்கிழக்காக ஓடி, பண்டரிபுரத்தைப் பிறைபோல வளைந்து சந்திரபாகை எனப் பெயர்பெற்று, 850 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரங் கடந்து, இராய்ச்சூருக்கு அணித்தாகக் கிருட்டிணை நதியோடு கலக்கின்றது. அக்கிருட்டிணை பின்னர் நல்லமலைக் காட்டினூடே புகுந்து செல்லும். அக்காட்டு மலைமேல் விளங்குவதே ஸ்ரீசைலம்; மூவர் முதலிகளும் பாடியருளிய திருப்பருப்பதம்; மல்லிகார்ச்சுனர் எழுந்தருளியிருக்கும் மற்றொரு சோதிலிங்கத்தலம். அங்கே அடியவர் பாதாளகங்கை என்று சொல்லி நீராடுவது கிருட்டிணையிலேதான். எனவே ஒரு சோதிலிங்கத்தின் காட்டில் ஊறிய நீர் மற்றொரு சோதிலிங்கத்தின் அடியவர்க்குத் தீர்த்தமாகின்றது. மேலே மலையில் ஒருவன் ஓடையை மாசுபடுத்தித் தரிசனஞ் செய்து மீள்வானாயின், தான் என்றுங் காணாத அடியாரது தீர்த்தத்தையே அவன் மாசுபடுத்தினான். நடுவழியில் அந்நீரை உண்டும் பாய்ச்சியும் வாழும் மக்களுக்கோ கணக்கில்லை. தன் புண்ணியம் தன்னோடு போம் என்று அவன் எண்ணலாம். அவன் விட்டுவந்த மாசோ ஆற்றோடு போகின்றது.

இவ்விடத்துச் சித்தாந்தம் பயின்ற ஒருவர் ஆசங்கிப்பார்: “புண்ணியம் சிவபுண்ணியம், பசுபுண்ணியம் என இருவகைப்படும். சிவனைத் தரிசித்தல் சிவபுண்ணியம். மரத்தையும் விலங்கையும் காத்தல் பசுபுண்ணியம். முன்னது வீட்டுக்கு ஏது; பின்னது போகத்தைக் கொடுத்து அழிவது. கீழானதன்பொருட்டு மேலானதைக் குறைத்தல் முறையாகுமோ?” என்று. இது இலேசாகத் தள்ளத்தக்க வினா அன்று. இதற்குச் சமாதானம் வருமாறு: காட்டின் நடுவே தலம் இருக்கின்றது என்று கொள்ளின் அவ்வாசங்கைக்கு இடமுண்டு, காடே தலம் என்று கொள்ளின் இடமில்லை. திருக்கோயிலை அலகிடுதலும் மெழுகுதலும் திருநந்தனவனம் வைத்தலும் சரியையாகிய சிவபுண்ணியம் என்பது நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடம். ஒருவன் நட்டு வளர்த்த பத்து நந்தியாவட்டைச் செடிகளைக் காத்தல் சிவத்தொண்டு ஆமாயின், எவரும் நடாமலே பெருமான் திருமுன் தழைத்த வனத்தைக் காத்தல் யாது காரணத்தாற் பசுபுண்ணியமாய்த் தாழும்? அன்றியும் நிலம், நீர், தீ, வளி, வெளி, ஞாயிறு, திங்கள், ஆன்மா என்னும் எட்டும் சிவபெருமானுக்கு அட்டமூர்த்தம் என்கின்றோம். நிலத்தையும் நீரையும் கெடுத்துக்கொண்டு இலிங்கத்தைத் தொழச்செல்பவன், ஒரு திருமேனியை இகழ்ந்து அவருடைய மற்றொரு திருமேனிக்கு மலரிடுகின்றான்.

மற்றொருவர், “நடந்தால் எறும்பு சாகும், சமைத்தால் விறகு வேண்டும், பூசைக்கு மலர் கொய்தல் வேண்டும். ஊறின்றி வாழ்தல் யார்க்குங் கூடாமையின் இதனைப் பெரிதாகப் பேசுவது வீண்” என்பர். ஊறு முற்றும் நீங்காது என்பது உண்மையே. நீங்காத ஊறு இருத்தலால் நீங்கத்தக்க ஊறும் குற்றமின்றாம் என்பது பெறப்படாது. மலர் கொய்தற்கே நம் நூல்கள் எத்துணை வரம்பு விதித்தன என்று பார்மின். திங்கட்கிழமை, அட்டமி, அமாவாசை முதலிய நாள்களில் வில்வம் பறித்தலாகாது. பூசைக்கு வேண்டுவதை முதல்நாளே எடுத்து வைத்துக்கொள்ளல் வேண்டும் என்பது விதி. சிவபெருமானுக்கு மிக உவந்த பத்திரம் வில்வம். அவருக்கு மிக உவந்த கிழமை திங்கள். அக்கிழமையில், அப்பெருமானுக்காகவே ஆயினும், அம்மரத்தைத் தீண்டாதே என்றனர் முன்னோர். வழிபாட்டின் பெயரால் எதையுஞ் செய்யலாம் என்ற எண்ணத்துக்கு இதனினும் சிறந்த மறுப்பு வேண்டுமோ? மரத்துக்கு ஓய்வுநாள் உண்டாயின் மலைக்கும் காட்டுக்கும் ஓய்வு வேண்டும் என்பது அவ்விதியினின்றே பெறப்படும். திருப்பருப்பதத்துக்குச் செல்லும் காட்டுவழியில், அது புலிகள் வாழும் வனமாதலின், இரவு 9 மணி தொடக்கம் காலை 6 மணி வரை வண்டிகள் செல்லாதவாறு தடுத்துள்ளனர். அத்தடையால் வழியிற் காத்து நிற்கும் யாத்திரிகன் முணுமுணுத்தல் ஒருவகை. அந்த ஒன்பது மணி நேரமும் வேறோர் உயிருக்கு உரியது என்று எண்ணித் திருவைந்தெழுத்தை ஓதியிருத்தல் மற்றொரு வகை. பின்னவனுக்கு யாத்திரை அவ்விடத்திலேயே பயன்தரத் தொடங்கிவிட்டது.

மூன்றாவதாக எழும் வினாவே இவை எல்லாவற்றினும் கடினமானது. “வரம்பு என்று சொல்லிக் கூட்டத்தைக் குறைக்கப் புகின், தடுக்கப்படுபவன் ஏழையே. செல்வன் எவ்வாறாயினும் சென்றுவிடுவான். ‘நாளைப் போவேன், நாளைப் போவேன்’ என்று ஏங்கிய திருநாளைப்போவாரைப் புறத்தே நிறுத்தியது போதாதோ? இன்னும் ஒரு வேலி இடுவதோ?” என்பர். இவ்வச்சம் நியாயமானது. ஆயின் காட்டுக்கு யாரால் ஊறு மிகுகின்றது என்று ஆராய்தல் வேண்டும். கட்டுச்சோறும் ஒரு துணியுங் கொண்டு நடந்து வருபவன் விட்டுச்செல்வது மிகச் சிறிது. தனித்தனி மோட்டார் வண்டியில் வருவோருக்குத்தான் அகன்ற வீதி வேண்டும். வண்டி நிறுத்த மரத்தை நீக்கிய வெளி வேண்டும். மலையுச்சியிலும் நகரத்து வசதி வேண்டும். ஆகவே வரம்பு இடவேண்டுவது மனிதருக்கு அன்று. அவர் கொண்டுவரும் சுமைக்கும் சுகத்துக்குமே. முதியோரும் உடல் நலிந்தோரும் பொதுவண்டியில் வருக. வலியுடையோர் நடந்து வருக. விட்டுக்கொடுத்தல் வலியுடையோனிடத்துத் தொடங்குமாயின் அறமாம். எளியோனிடத்துத் தொடங்குமாயின் அதுவே கொடுமையாம். திருநாவுக்கரசு நாயனார் உழவாரப்படை கொண்டு திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கியது அடியார் திருவடி நோவாமற் பொருட்டு. அதனை எடுத்துக்காட்டாகக் கொண்டு மலையைப் பிளந்து பெருவீதி இடுதல் அத்தொண்டின் பெயரைச் சொல்லித் தன் சுகத்தைத் தேடுதலாகும்.

காட்டைக் காக்கும் பேச்சில் காட்டிலே வாழும் மனிதரை மறத்தலும் ஒரு பிழை. பீமசங்கரத்தைச் சூழ மகாதேவ கோலி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். மகாதேவன் பெயரையே தம் பெயரிற் பூண்டவர்கள். கடுக்காய் பொறுக்கி விற்றலும் சரிவுகளில் நெல் முதலியன பயிரிடுதலும் அவர்கள் தொழில். தெய்வத்துக்கென விடப்பட்ட சோலைகளிற் கோடரி படாமல் வழிவழியாகக் காத்தவரும் அம்மலைவாசிகளே. நல்லமலையிலோ செஞ்சு என்னும் வேட்டுவக் குடியினர் மல்லிகார்ச்சுனரைத் தம் குலத்துப் பெண்ணை மணந்த உறவினராகவே கொண்டாடுவர். கண்ணப்ப நாயனாரை நாயன்மாருள் வைத்து வழிபடும் நமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. காளத்திமலையில் ஆகமம் அறிந்த அருச்சகரும் இருந்தார். காட்டை அறிந்த வேடரும் இருந்தார். பெருமான் யாருடைய அன்பை எடுத்துக்காட்டினார் என்பதை நாம் அறிவோம். 2014ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆந் திகதி விடியற்காலையில், பீமசங்கரத்துக்கு அயலிலுள்ள அம்பேகாவ் தாலுகாவைச் சேர்ந்த மாளின் என்னும் மலைக்கிராமத்தின்மேல் கனமழையாற் சரிவு இடிந்து வீழ்ந்தது. ஏறக்குறைய 150 பேர் மண்ணுட் புதையுண்டு இறந்தனர். அவர்கள் யாத்திரிகர் அல்லர். அம்மலையையே வீடாகக் கொண்டவர்கள். அதற்கு யாத்திரிகர் காரணர் என்று ஈண்டுக் கூறினோமல்லோம். மழைக்காலத்து மலைச்சரிவு எத்துணை நொய்தானது என்பதற்கும், அதன் சமநிலை குலையுமாயின் முதலில் உயிரிழப்பவர் யாவர் என்பதற்கும் அது சான்று. நாம் இரண்டு நாள் தங்கி மீளும் இடம் அவர்கள் பிறந்து வாழ்ந்து இறக்கும் இடம் என்பதை நினைந்து நடத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் செல்லாமலே இருத்தல் நன்றோ எனின், அதுவும் ஒரோவழி நன்றே என்க. யாத்திரையை இகழ்ந்து கூறியதன்று இது. யாத்திரையின் உட்பொருளை நோக்கிக் கூறியது. காரைக்காலம்மையார் திருக்கைலாயத்தை அணுகியபோது, அம்மலையைக் காலால் மிதித்தற்கு அஞ்சித் தலையினால் நடந்து சென்றார் என்பது பெரியபுராண வரலாறு. நம்மால் அவ்வாறு நடத்தல் இயலாது. ஆனால் அவ்வச்சம் நம்பால் உண்டாதல் இயலும். காலை எங்கே வைக்கின்றோம் என்று ஒவ்வோரடியிலும் கூசுகின்ற அவ்வுள்ளமே தலவழிபாட்டின் உயிர். திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் பொருளின்மையால் மனத்திலே கோயில் எடுத்தார். காடவர்கோன் கச்சியில் எடுத்த கற்றளியின் பிரதிட்டை நாள் அதன்பொருட்டு ஒத்திவைக்கப்பட்டது. கல்லைத் தொடாத கைக்கும் கோயில் எடுத்த பயன் கிடைத்ததாயின், கூட்டத்தைப் பெருக்காமல் இவ்வாண்டு நின்றுகொண்ட அடியவனுக்குத் தரிசனப் பயன் இல்லையென்று சொல்லத் துணிபவர் யார்?

இவற்றினும் ஆழ்ந்த பொருளுடையது அப்பர் சுவாமிகள் வரலாறு. சுவாமிகள் கைலைக் காட்சியை விரும்பி வடக்கே செல்லும் வழியில் திருப்பருப்பதத்தை வணங்கினார். பின்னும் சென்று, தாளுங் கையும் மார்புந் தேய்ந்து, புரண்டும் முன்னேறினார். அவ்வுறுதியை நாம் வியந்து போற்றுகின்றோம். ஆனால் அவர் மலையை அடைந்தாரல்லர். பெருமானே தடுத்து, அங்குள்ள பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுமாறு அருளினார். எழுந்தவர் கண்டது யாது? ஐயாற்றில் தம்முன் வந்த யானையும் கோழியும் முதலாகிய விலங்கும் பறவையும், ஆணும் பெண்ணுமாய், சிவமுஞ் சத்தியுமாகத் தோன்றக் கண்டார். மலையைத் தேடிச் சென்றவருக்கு உயிர்களினிடத்தே கைலை காட்டப்பட்டது. அவ்வுயிர்களின் உறைவிடத்தைச் சிதைத்துக்கொண்டு மலைக்குச் செல்வது, அப்பெருமானார்க்குக் காட்டப்பட்டதை அழித்துவிட்டு, காட்டப்படாததைத் தேடுவதாகும். திருவருள் இடத்துக்குக் கட்டுப்பட்டதன்று என்பதை உணர்ந்தவனே ஓர் இடத்தை உண்மையாக மதிக்க வல்லவன். அவன் அதனைப் பறித்துக்கொள்ள விரையான், காத்திருப்பான், சென்றாலும் சுவடின்றி மீள்வான்.

இக்கருத்துப் பீமசங்கரத்துக்கும் திருப்பருப்பதத்துக்கும் மாத்திரம் உரியதன்று. காட்டுவழியே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செய்யும் நம் நாட்டு அடியவர்க்கும் இது பொருந்தும். ஆசிரியர்கள் இதனைச் சொல்லாற் கற்பித்தலினும் செயலாற் கற்பித்தல் எளிது. யாத்திரைக்கு முன்னரே தலபுராணத்தோடு அத்தலத்தின் மழை, ஆறு, மரம், விலங்கு என்பவற்றையும் பாடமாகச் சொல்லுக. பெருங்கூட்டங் கூடும் நாளை விலக்கிச் சிறுதொகையினராய்ப் பொதுவண்டியிற் செல்லுக. உணவை இலையிலும் தூக்குச்சட்டியிலும் கொண்டுபோய், எஞ்சியதைத் திரும்பக் கொணர்க. சேறாயினும் பாதையினின்றும் விலகாமல் ஒருவர்பின் ஒருவராக நடக்கப் பழக்குக. ஓடையிற் சவர்க்காரம் இடாமல், நீரை முகந்து அப்பாற் சென்று குளிக்கச் செய்க. மலைவாசிகளிடத்து ஒன்றை வாங்கின் பேரம் பேசாமல் உரிய விலை கொடுக்கச் செய்க; அவர்கள் சொல்வதைப் பொறுமையோடு கேட்கச் செய்க. பூக்குஞ் செடியைப் பறியாமலும், அணிலையும் குரங்கையும் உணவு காட்டி அழையாமலும் இருத்தல் அவ்வுயிர்களுக்குச் செய்யும் மரியாதை என்பதையும் உணர்த்துக.

யாத்திரை முடிந்து வித்தியாசாலைக்கு மீண்டவுடன், “நீ அங்கே கண்டது யாது?” என்று பிள்ளைகளைக் கேட்டு வியாசம் எழுதுவித்தல் எங்கும் உள்ள வழக்கம். அது நல்வழக்கமே. அதனோடு இன்னும் ஒரு வினாவைச் சேர்த்துக் கேளுங்கள்: “நீ வந்தபின் அவ்விடம் எவ்வாறு இருந்தது?” இவ்வினாவுக்குக் கூசாமல் விடை எழுதவல்ல ஒரு பிள்ளை நம் வகுப்பில் இருப்பின், அப்பிள்ளையின் யாத்திரையைச் சிவபெருமான் ஏற்றருளினார் என்று நாம் துணியலாம்.